நல்லபடியாக வந்த ரத்தம்

அக்காவைக் கட்டிக்கொடுத்த தென்காசி வீட்டில் ராத்திரிக்குச் சப்பாத்திதான். அவளுடைய மாமனார் பட்டாளத்தில் இருந்து வந்தவர். வடக்கே பழகிய நாக்கு. கீழப்பாவூரில் நாங்கள் மூன்று வேளையும் அரிசி தின்கிறவர்கள்.

கல்யாணமான அடுத்த வருஷமே அக்கா உருகிப்போனாள். ஓயாத வயிற்றுப்போக்கு, வெளுத்த நகம். இரண்டு முறை கரு தங்கவில்லை. எங்கள் வீட்டுக்கு வந்தால் தேறிவிடுவாள். திரும்பிப் போனால் பழைய குருடி கதவைத் திறடிதான்.

"அம்ம வீட்டுல சொகமா இருக்கா. இங்கன வந்தா மட்டும் நோவு வருது" என்று மாமியார் ஊரெல்லாம் சொன்னார். அந்த அம்மாளை எனக்கு ஒருநாளும் பிடித்ததில்லை.

தென்காசியில் ரத்தம் பார்த்து, ரத்தம் கம்மி என்று டானிக் கொடுத்தார்கள். கேட்கவில்லை. புதிதாக வந்த ஓர் இளம் டாக்டர்தான் என்ன சாப்பிடுகிறாள் என்று விசாரித்தார். கோதுமை குடலுக்கு ஆகாத நோய் ஒன்று உண்டு, தானும் புத்தகத்தில் படித்ததுதான், மதுரையில் ரத்தம் கொடுத்தால் வெளியூருக்கு அனுப்பிப் பார்ப்பார்கள் என்றார்.

வெளியே வந்ததும் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நோய்னு ஒரு பேரு வந்தா போதும்ட்டி. நான் நடிக்கேன்னு சொல்ல மாட்டாவல்லா."

அம்மா உடனே மதுரைக்கு விடவில்லை. "இந்தக் கோலத்துல கூட்டிட்டுப் போனா பாக்கவங்க என்ன நினைப்பாவ? கொஞ்சம் ஒடம்பு தேறட்டும்" என்று கீழப்பாவூருக்கு அழைத்து வந்துவிட்டாள். இரண்டு மாதம் சோறும் ரசமும் மீனும் ஊட்டாத குறையாகப் போட்டாள். அக்காவின் கன்னத்தில் சதை வைத்தது. அதன் பிறகுதான் ரத்தம் கொடுக்கப் போனார்கள்.

ரிசல்ட்டில் ஒன்றுமில்லை. அந்த நோய்க்கான அடையாளமே ரத்தத்தில் இல்லை என்று டாக்டர் படித்துச் சொன்னார். சந்தேகம் தீர்ந்த சந்தோஷத்தில் அத்தான் எல்லோரையும் குற்றாலத்துக்குக் கூட்டிப்போனார். சாரல் நேரம். குளித்த பசிக்குப் புரோட்டா வாங்கித் தந்தார். எல்லோரும் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தோம். அக்கா மட்டும் தலை நிமிராமல் பிய்த்துத் தின்றாள்.

தென்காசிச் சப்பாத்திக்குத் திரும்பிய பிறகு வலித்தாலும் அவள் வாய் திறக்கவில்லை. "ரத்தமே ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டுது, நான் என்னத்தச் சொல்ல" என்பாள். கடைசியில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, பார்க்க வந்த ஒவ்வொருவரும் நம் வழக்கப்படி ரொட்டியும் பிஸ்கட்டும் வாங்கி வந்தார்கள். அம்மா ரொட்டியைப் பாலில் நனைத்து ஊட்டினாள். அக்கா சொன்னபடி விழுங்கினாள். அந்த மழைக்காலத்தைத் தாண்டவில்லை.

சில வருஷம் கழித்து, என் பிள்ளையைக் காட்டப்போன இடத்தில் வேறொரு டாக்டரிடம் இதைச் சொன்னேன். "ரத்தம் கொடுத்த சமயம் கோதுமை சாப்பிட்டாங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். சாப்பிடுவதை நிறுத்தினால் அடையாளமும் மெல்ல மறைந்துவிடும், அந்த ரிசல்ட்டை நம்ப முடியாது என்றார். பஸ்ஸில் ஊர் வரைக்கும் அழுதுகொண்டே வந்தேன்.

அம்மாவிடம் சொல்லவில்லை. ஒவ்வொரு திதிக்கும் படையல் போட்டுவிட்டு அவள் அதையேதான் சொல்லுவாள்.

"எங்கிட்ட இருந்த வரைக்கும் ரத்தம் சுத்தமாத்தானட்டி இருந்துச்சு. நான் தேத்தித்தான அனுப்புனேன்."

"ஆமாம்மா" என்பேன்.