பிள்ளையாருக்குப் பின்னால் ஒரு விமானம்

எங்கள் அப்பாவுக்குப் பொய் வாயில் வராது. வீட்டில் ஆள் இல்லை என்று சொல்லச் சொன்னால்கூட, "இருக்கேன், வெளிய வரலை" என்று உள்ளிருந்தே குரல் கொடுக்கிற மனிதர். விமானப்படையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்று, அம்பாசமுத்திரத்தில் பம்புசெட் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தார். புதிதாகச் சேர்பவர்களுக்குப் பறக்கக் கற்றுக்கொடுக்கிற இரட்டைச் சிறகு விமானங்கள்தான் அவர் கைக்குப் பழக்கம். சிறகுகளைக் கழற்றி ரயிலேற்றி, போன இடத்தில் மறுபடி மாட்டிய கதையைச் சாப்பிட உட்காரும்போதெல்லாம் சொல்வார். அம்மா ரசத்துக்கு வருவதற்குள் ஒரு பக்கத்துச் சிறகு கழன்றிருக்கும்.

அதே மாதிரி விமானம் ஒன்று எங்கள் ஊர் அரிசி ஆலையில் இருந்தது. முதலாளியின் தகப்பனார் ஏலத்தில் எடுத்து, கோடையில் வற்றிக் கிடந்த குளத்துக்குள் கொண்டுவந்து இறக்கினாராம். அவர் காலமான பிறகு அது நெல் கொட்டகையை விட்டு வெளியே வரவில்லை. ஒவ்வொரு ஆயுதபூஜைக்கும் துணிச் சிறகில் திருநீற்றுப் பட்டை போட்டுச் சந்தனம் வைத்தார்கள். காவலுக்கு இருக்கட்டும் என்று வாசலுக்கு நேரே ஒரு பிள்ளையாரையும் பிரதிஷ்டை செய்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமைதோறும் அப்பா போய் விமானத்தைத் துடைத்து, என்ஜின் இறுகிவிடாமல் முன்விசிறியைக் கையால் சுற்றிவிட்டு வருவார். திரும்பும்போது பாடிக்கொண்டே வருவார். மற்ற நாட்களில் அவர் பாடி நான் கேட்டதில்லை.

தொண்ணூறுகளில் நான் பாளையங்கோட்டையில் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தபோது, விமானம் விற்பனைக்கு என்று முதலாளி பேப்பரில் விளம்பரம் கொடுத்தார். அன்றிலிருந்து அப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை. மதுரையிலிருந்து ஓர் ஓட்டல்காரர் வந்தார். ஓட்டல் வாசலில் நிறுத்தி, பிள்ளைகளை ஏற்றிப் போட்டோ பிடிக்க வேண்டுமாம். விவரம் சொல்ல அப்பாவை அழைத்தார்கள், நானும் தொற்றிக்கொண்டேன்.

விலை படிந்து வெற்றிலைத் தட்டும் வந்த பிறகுதான், இதை எப்படி வெளியே எடுப்பது என்ற யோசனை வந்தது. கயிறு பிடித்து அளந்தார்கள். மூன்று பக்கமும் ஆலைக் கட்டடம். நான்காவது பக்கம் பிள்ளையார் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார்.

"கும்பாபிஷேகம் ஆன சாமி. அவரை அசைக்க என்னால ஆவாது" என்றார் முதலாளி.

ஓட்டல்காரர் அப்பா பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க. வேற வழி உண்டா?"

ரயிலேற்றிய கதை என் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அப்பா என்னைப் பார்க்கவே இல்லை. சிறகில் ஒட்டியிருந்த உமியைத் துண்டால் தட்டிவிட்டார்.

"வழி இல்லை சார்."

"நெசமாவா அண்ணாச்சி?" என்றார் முதலாளி.

"நீங்களும் அளந்து பாத்தியள்லா."

ஓட்டல்காரர் காரேறிப் போய்விட்டார். முதலாளியும் உள்ளே போனதும் அப்பா செருப்பைக் கழற்றிவிட்டுப் பிள்ளையார் முன்னால் நின்றார். தலையில் குட்டிக்கொண்டு, காதைப் பிடித்துத் தோப்புக்கரணம் போட ஆரம்பித்தார். மூட்டுவலிக்காரர். ஒவ்வொரு தடவை எழும்போதும் முகம் சுளித்தது.

"போதும்ப்பா."

"ஏட்டி, பேசாம இரு. சொன்ன பொய்க்கு இது காணாது."

எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. வீடு வரைக்கும் அப்பா பாடிக்கொண்டே வந்தார். அன்று வெள்ளிக்கிழமைகூட இல்லை.