புள்ளி எந்தப் பக்கம் போகுது?

கம்ப்யூட்டர்ல புள்ளிய ஓட விட்டு, "எந்தப் பக்கம் போகுது?"ன்னு கேக்கறதுதான் என் ஆராய்ச்சி. பிஎச்.டி. கைடுகிட்ட மாட்டிக்கிட்டு முழிக்கிற என் இனமே, நீங்களாவது இதைக் கேளுங்க.

நல்லாப் பேசினது குத்தம்

வசந்திக்குப் பத்தொம்பது வயசு. பொறக்கும்போதே ஜீன்ல ஒரு துண்டு இல்ல. ரொம்ப அபூர்வமான கோளாறு. இது இருக்கறவங்களுக்கு வாய் பிரமாதமா ஓடும். எதிர்ல ஒண்ணு நகர்ந்தா, எங்க போகுதுன்னு கண்ணுக்குப் பிடிபடாது. மயிலாப்பூர்ல எங்க லேபுக்குள்ள நுழைஞ்ச உடனே, "அக்கா, கம்மல் சூப்பர்! பாண்டி பஜார்ல வாங்கினதா? ஏன் உர்ருன்னு இருக்கே?"ன்னா.

அவங்கப்பாவுக்கு அதுதான் எரிச்சல். டாக்டர் சொன்னதையே நம்பாத மனுஷன். பொண்ணு முன்னாடியே சொல்றார்: "வாய் இந்த நீளம் நீளுது, ரோடு கிராஸ் பண்ண மட்டும் தெரியாதாம். எல்லாம் நடிப்பும்மா!"

சாரோட கண்டுபிடிப்பு

முதல் டெஸ்ட்ல, கன்னாபின்னான்னு அலையற புள்ளிங்க நடுவுல கொஞ்சம் மட்டும் ஒரே பக்கமா போகும். வசந்தி கண்ணைச் சுருக்கிப் பார்த்தா, முழிச்சா, சொன்ன பக்கம் அத்தனையும் தப்பு. அடுத்தது, இருட்டுல ஒரு ஆளோட மூட்டுல லைட்டு கட்டி நடக்க விட்டு எடுத்த வீடியோ. அதுலயும் வெறும் புள்ளிதான். பார்த்த உடனே கத்தினா: "யாரோ அங்கிள் நடக்கறாரு!"

எனக்குப் புல்லரிச்சுது. மனுஷன் அசையறது தெரியுது, மத்தது தெரியலன்னா ரெண்டும் வேற வேற வேலைன்னுதானே அர்த்தம்? என் கைடு சார்கிட்ட ஓடினேன், சண்டையே போட்டேன். அவங்கப்பாவும் நின்னு கேட்டுக்கிட்டு இருந்தார். சார் டீய உறிஞ்சிக்கிட்டே தீர்ப்பு சொன்னார்: "ஆள் நடக்கறது தெரியுதுல்ல? அப்ப முதல் டெஸ்ட்ல வேணும்னே தப்பு சொல்லுது. லிஸ்ட்லேர்ந்து பேரை அடிச்சுடு."

லஸ் கார்னர்

"நான் சொல்லல?"ன்னு ஜெயிச்ச மாதிரி கிளம்பினார் அப்பா. இனிமே அவ தனியாதான் ரோடு கிராஸ் பண்ணணுமாம். லஸ் கார்னர் வந்ததும் பொண்ணு கைய உதறிட்டார். எனக்கு ஆத்திரம் தாங்காம பின்னாடியே ஓடினேன்.

வசந்தி ரோட்டைப் பார்க்கவே இல்ல, பக்கத்துல நின்ன ஆளோட காலையே பார்த்துக்கிட்டு இருந்தா. அந்த ஆள், நம்ம ஊர் வழக்கப்படி, வர்ற பஸ்ஸுக்குக் கைய நீட்டிட்டு ஒரே ஓட்டமா ஓடினான். இவளும் இறங்கிட்டா. தாவணியோட பிடிச்சு இழுத்தேன். பஸ் உரசிக்கிட்டுப் போச்சு.

"பஸ் வர்றது தெரியலையாடி?"ன்னு அலறினார் அப்பா.

அவ சிரிச்சுக்கிட்டே கேட்டா: "பஸ்ஸா வந்துது? அந்த அண்ணன் போனாரேப்பா!"

அப்பா அப்போ பிடிச்ச கைய வீடு வரைக்கும் விடலியாம். சார் மட்டும் அடிச்ச பேரை இன்னும் அடிச்சே வெச்சிருக்கார், ஏன்னா பஸ்ஸு அவர் டேபிள் பக்கம் வரல பாருங்க.