வெறும் வயிற்றோடு ஒரு வேன்

தேயிலைத் தோட்டத்து வாசலில், பனிமூட்டத்துக்குள், பேருந்துக்காக நடுங்கியபடி நிற்கிறேன். இன்னும் காலைச் சாப்பாடு ஆகவில்லை. ஒரு வேன் வந்து நிற்கிறது. உள்ளே தோட்ட வேலை பார்த்து ஓய்ந்த பெரியவர்கள், கம்பளிக் குல்லாவும் ஸ்வெட்டருமாக. ஒவ்வொருவர் மடியிலும் ஒரு சாப்பாட்டு டப்பா.

“தானா ராத்தா டவுனுக்கா? ஏறுங்க லா, குளிருல நிக்காதீங்க.” முனியம்மா என்பவர் நகர்ந்து இடம் தருகிறார்.

ஆஸ்பத்திரியில் இன்று சர்க்கரை நோய்க்கு ரத்தப் பரிசோதனையாம். ரத்தம் எடுக்கும்வரை எதுவும் வாயில் வைக்கக் கூடாது; டப்பா அதற்குப் பிறகுதான்.

“உங்களுக்கும் இனிப்புநீரா?”

“இல்லைங்க. மதுரையிலிருந்து சுற்றிப் பார்க்க வந்தேன்.”

“அப்ப நீங்க சாப்பிடலாம்!”

வேன் முழுக்க முகங்கள் மலர்கின்றன. முனியம்மா தன் டப்பாவைத் திறந்து என் மடியில் வைக்கிறார். சுடச்சுடத் தோசை, நெத்திலி சம்பல். நான் வேண்டாம் என்பதை யாரும் காதில் வாங்கவில்லை. நான் மெல்வதையே எல்லோரும் பார்த்துக்கொண்டு வருகிறார்கள்.

“நல்லா இருக்கா? ஒறைப்பு பத்துதா?” என்று கேட்கிறார் பின் சீட்டுக்காரர்.

கடைசி வாயை விழுங்கிய பிறகுதான் எனக்கு உறைக்கிறது. “அம்மா, அப்புறம் உங்களுக்கு?”

“அட, அது கெடக்கட்டும் லா.”

காலி டப்பாவைப் பின் சீட்டுக்காரர் என்னிடமிருந்து வாங்கிக்கொள்கிறார். அது வரிசையாகக் கை மாறுகிறது. ஒருவர் பாதிச் சப்பாத்தி வைக்கிறார், ஒருவர் இட்லி, இன்னொருவர் கொஞ்சம் கூச்சத்தோடு தேங்காய்ப்பாலில் இனிக்க இனிக்கச் செய்த காயா ஜாம் தடவிய ரொட்டி. ஆஸ்பத்திரி வருவதற்குள் டப்பா நிறைந்து முனியம்மாவிடமே திரும்புகிறது.

கொடுத்தவர்களில் ஒருவர்கூட விரலை நக்கவில்லை.