வாசலில் ஒரு நீலம்

காஞ்சிபுரத்தில் நெசவாளர் தெரு முனையில் நின்று எண்ணெய் வண்ணத்தில் ஊரைத் தீட்டப் பழகுகிறேன். கண்டதை அப்படியே வரையாதே என்பது வகுப்பில் சொன்ன பாடம். அதனால் என் கோபுரம் சாய்ந்திருக்கிறது, வானம் செங்கல் நிறத்தில் இருக்கிறது. ஒரு வீட்டு வாசலிலுள்ள தண்ணீர் டிரம்மை வண்ணம் பூசும் கத்தியால் நீலமாக அப்பியிருக்கிறேன்.

அந்த வீட்டுப் பெண் குடத்தோடு வந்து படத்தைப் பார்க்கிறார். பார்வை நீலத்தில் நின்றுவிடுகிறது.

“எங்கப்பாதானே இது? தெருவுல தறிக்குப் பாவு நூல் நீட்டறப்போ இப்டித்தான் நீல லுங்கியோட குந்திக்கினு இருப்பாரு. போன மாசம் தவறிட்டாரு. நீங்க எப்போ பார்த்தீங்க?”

உள்ளே தறி ஓடுகிறது.

“போன தடவை வந்தப்போம்மா.”

அவர் அதே டிரம்மில் தண்ணீர் மொண்டுகொண்டு போகிறார். நான் சின்னத் தூரிகையை எடுத்து, காயாத நீலத்துக்கு மேல் ஒரு நரைத்த தலையை வைக்கிறேன்.