வெயில் எறிக்காத நாள்

டொக்டர் சொன்ன சொல் சன்ஷைன். பக்கத்தில் நின்ற தாதி அதைத் தமிழாக்கி, "வெயில் படக்கூடாதாம், டீச்சர்" என்றார். லூபஸ் என்று நோய்க்குப் பெயர். வெயில் பட்டால் முகம் சிவந்து தடிக்கும், மூட்டுகள் பூட்டிக்கொள்ளும், கவனிக்காமல் விட்டால் சிறுநீரகம் வரைக்கும் போகும்.

நான் தமிழ் படிப்பிக்கிறவள். வெயிலுக்கு வேர் வெம்மை என்று எத்தனை வகுப்பில் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன்! சுட்டால்தான் வெயில். காலையில் விழுவது இளவெயில், அதைப் பச்சைக் குழந்தைக்கே காட்டுவோம். மேகம் மூடிய மப்பு நாளில் இருப்பது வெறும் வெளிச்சம். ஆகவே பள்ளிக்கூடத்தை விட்டு, கிரானில் எங்கள் வீட்டுக்குள் அடைந்த பிறகும் எனக்குச் சில சந்துபொந்துகள் மிஞ்சியிருந்தன. வானம் எப்போது இருளும் என்று கதவடியில் நிற்பேன். வயல் செய்கிற என் கணவரை விட நான்தான் அதிகம் வானம் பார்த்தேன்.

மார்கழியில் ஒரு நாள், விடிந்ததிலிருந்தே மப்பு. அவர் மோட்டார் சைக்கிளை முற்றத்தில் இறக்கினார்.

"இண்டைக்கு வெயில் எறிக்கல்லகா. வா, வட்டையப் பாத்துட்டு வருவம்."

"மெய்தானா? நல்லாப் பாத்தீங்களா?"

"ஓம்கா. நிழலே விழல்ல, பார்."

என் காலடியில் நிழல் இல்லைதான். வட்டை என்று நாங்கள் சொல்லும் அந்த வயல்வெளியில், வரம்பில் உட்கார்ந்து பின்னேரம் வரை வாய் ஓயாமல் கதைத்தேன். தலையில் போட்டிருந்த துணியைக்கூட எடுத்துவிட்டேன். அவ்வளவு சந்தோசம்.

அந்தக் கிழமையே வார்டில் கிடந்தேன். டொக்டர் ஏசினார். வெயிலுக்குப் போகவேயில்லை என்று நாங்கள் இரண்டு பேரும் சத்தியம் பண்ணாத குறை. டொக்டர் ஏதோ சொல்ல, தாதி எங்கள் பக்கம் திரும்பினார்.

"சூடு இல்ல டீச்சர், வெளிச்சம். மப்புக்குள்ளாலயும் அது வரும்."

ஷைன் என்றால் ஒளிர்தல். டொக்டர் ஒளியைச் சொல்லியிருக்கிறார், நாங்கள் சூட்டைக் கேட்டிருக்கிறோம். காலையும் மாலையும் மப்பு நாட்களும் அந்த ஒரு வாக்கியத்தோடு என் கையை விட்டுப் போயின. ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யார் மேல் காட்டுவது?

இப்போது ஜன்னல்களுக்குத் தடித்த திரை போட்டிருக்கிறோம். மத்தியானம் வட்டையிலிருந்து வந்ததும் அவர் கொஞ்ச நேரம் அந்த இருட்டில் என் பக்கத்தில் உட்காருவார். வெளியே எப்படி என்று நான் கேட்பதில்லை. அவராகவே சொல்வார்.

"இண்டைக்கும் மப்புத்தான்கா. வெளியில ஒண்டுமில்ல."

பொய் சொல்லவும் தெரியாத மனிதர். முதுகில் கை வைக்கிறேன், சட்டை கொதிக்கிறது.

"ஓம்" என்கிறேன். கையை எடுக்க மனம் வருவதில்லை.