காருக்குள் கருகல் நாற்றம்

அந்தக் காய்ச்சல் போன பிறகு கொஞ்ச காலம் எனக்கு எந்த வாசனையும் தெரியவில்லை. அதையாவது பொறுத்துக்கொள்ள முடிந்தது. பிறகு மூக்கு திரும்பி வந்தது, ஆனால் கோணலாக வந்தது. ஒரு நாள் காலை காபி டம்ளரை வாயருகே கொண்டுபோனேன். மெக்கானிக் ஷெட் தரையில் கொட்டிக் கிடந்த பழைய என்ஜின் ஆயிலுக்கு யாரோ தீ வைத்தது போல அடித்தது. பால் கெட்டிருக்கும் என்று கொட்டிவிட்டுப் புதுப் பால் வாங்கிக் காய்ச்சினேன். அதுவும் அப்படியே நாறியது.

அன்றிலிருந்து சமையலறை எனக்கு வேண்டாத இடமாகிவிட்டது. வெங்காயம் வதங்க ஆரம்பித்தால் வாசலுக்கு ஓடுவேன். முட்டை, கோழி, பூண்டு, பற்பசை, தலைக்குப் போடும் ஷாம்பு, எல்லாவற்றுக்கும் ஒரே நாற்றம். என் சொந்தத் தலையணையே குமட்டியது. தயிர்ச்சோறும் வெள்ளரிக்காயும் தின்று நாட்களை ஓட்டினேன். மூக்கு டாக்டரம்மா, நரம்பு புதிதாக வளரும்போது சிலருக்கு இப்படித் தாறுமாறாக ஆகும், சரியாக மாதக்கணக்காகும் என்றார். தினமும் கிராம்பு, எலுமிச்சை, யூகலிப்டஸ் தைலம், பன்னீர் நான்கையும் முகர்ந்து பழகச் சொன்னார். முகர்ந்தேன். நான்கும் கருகிய ஆயில்தான்.

என் கணவர் முதலில் பரிவாகத்தான் இருந்தார். தனக்கு மீன் வேண்டுமென்றால் மொட்டை மாடியில் அடுப்பு வைத்துப் பொரித்துக்கொண்டார். போகப்போக அவருக்கு அலுத்துவிட்டது. நான் எதைச் சொன்னாலும் "உன் மூக்கு" என்று ஒரே பதில். நெல்லித்தோப்பில் எங்கள் வீட்டுப் பின்பக்கச் சாக்கடை அடைத்துக்கொண்டபோதும் அதுதான் பதில். பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டிச் சத்தம் போட்ட பிறகுதான் மூடியைத் திறந்து பார்த்தார். இத்தனைக்கும் அவருக்கு வருஷம் முழுக்க மூக்கடைப்பு. ராத்திரியில் வாயால்தான் மூச்சு விடுவார்.

கார் விஷயம் இந்தச் சமயத்தில் வந்தது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாயாக இருந்து பென்ஷன் வாங்கிய ஒரு சொல்தா தாத்தாவிடம் வாங்கிய சின்ன வெள்ளைக் கார் அது. வாங்கும்போதே வயதானது. நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடம் பிள்ளைச்சாவடி பக்கம். காலையில் அவர் என்னை அங்கே விட்டுவிட்டுத் தன் ஆபீசுக்குப் போவார்.

ஒரு நாள் கொக்கு பார்க் சிக்னலில் நிற்கும்போது ஏசி துவாரத்திலிருந்து அந்த நாற்றம் வந்தது. கண்ணாடியை இறக்கினேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "உன் மூக்கு," என்றார்.

நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் மறுநாளும் அதே சிக்னலில் வந்தது. வண்டி கிளம்பி வேகம் எடுத்ததும் போய்விட்டது. இது எனக்கு விசித்திரமாகப்பட்டது. என் மூக்கு சொல்லும் பொய் இப்படி வந்து வந்து போகாது. சாப்பாடு எதிரில் இருக்கும் வரை இருக்கும், எழுந்து வெளியே போனால் விடும். கார் நாற்றமோ வீட்டிலிருந்து கிளம்பும்போது இருக்காது. என்ஜின் நன்றாகச் சூடாகி, வண்டி ஓரிடத்தில் நின்றால்தான் வரும். மோந்து பார்த்து இரண்டையும் பிரிக்க என்னால் முடியாது. எப்போது வருகிறது, எப்போது போகிறது என்று பார்த்துத்தான் பிரிக்க வேண்டியிருந்தது. ஒரு வாரம் கவனித்துவிட்டு அவரிடம் சொன்னேன். "சிக்னல்ல நிக்கும்போது மட்டும் என் மூக்கு எப்பிடிங்க கெடும்?" என்று கேட்டேன். ரேடியோவைச் சத்தமாக வைத்தார்.

கடைசியில் என் தொல்லை தாங்காமல் ஒரு சனிக்கிழமை மெக்கானிக்கிடம் அழைத்துப்போனார். ஷெட் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி. மெக்கானிக் சாப்பிடப் போயிருந்தார். வரும்வரை வேப்பமர நிழலில் காத்திருந்தோம். அவர் வந்து பானட்டைத் திறந்து, ஆறிப்போயிருந்த என்ஜினை ஸ்டார்ட் செய்து, ஆக்ஸிலரேட்டரை இரண்டு முறை அழுத்திப் பார்த்தார். ஆயில் குச்சியை உருவித் துணியில் துடைத்து மறுபடி விட்டு எடுத்தார். ஆயில் கொஞ்சம் இறங்கியிருந்தது. பழைய வண்டி என்றால் கொஞ்சம் குடிக்கத்தான் செய்யும், ஊற்றிக்கொண்டே ஓட்டலாம் என்றார். நாற்றம் எதுவும் இல்லை என்றும் சொன்னார். அவர் கையும் சட்டையும் கழுத்தும் ஆயில். அந்த மூக்குக்கு என்ன தெரியும் என்று எனக்குள் எரிச்சல்.

அப்போதுதான் என் கணவர் அதைச் சொன்னார். "இவங்களுக்கு காய்ச்சல் வந்ததுலேர்ந்து எல்லாமே கருகுன ஆயில் வாசனைதான். சோறே அப்பிடித்தான் இருக்குதாம்."

மெக்கானிக் சிரித்தார். பக்கத்தில் பைக்குக்குப் பெட்ரோல் டேங்க் மாட்டிக்கொண்டிருந்த ஆளும் சிரித்தார். மாதக்கணக்காக நான் வாந்தியெடுத்ததும் எடை குறைந்ததும் அங்கே நின்ற இரண்டு ஆண்களுக்கு வேடிக்கையாகப் போனது. நான் காரில் ஏறிக் கதவை அடைத்துக்கொண்டேன். வரும் வழியில் அவர் ஒரு கடையில் நிறுத்தி மல்லிகை செண்ட் பாட்டில் ஒன்று வாங்கிக் கண்ணாடியில் தொங்கவிட்டார். எனக்கு அது அழுகிய முட்டைக்கோஸ் மேல் ஆயில் ஊற்றியது போல இருந்தது. கழற்றி டாஷ்போர்டு பெட்டிக்குள் போட்டேன். மறுநாள் காலை மறுபடி தொங்கியது.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை என் தங்கை சாப்பிடக் கூப்பிட்டிருந்தாள். அவளைக் கொடுத்திருப்பது பிள்ளைச்சாவடியில். சர்ச்சில் பூசை முடிந்து வரும் கூட்டத்தில் மாட்டி வண்டி ஊர்ந்து ஊர்ந்து போனது. நல்ல வெயில். நாற்றம் வழி முழுக்க வந்தது. கைக்குட்டையை மூக்கில் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

தங்கை வாசலுக்கு ஓடி வந்தாள். என் பக்கக் கதவைத் திறக்க வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"இன்னாக்கா, வண்டில எண்ண கருகுது?"

அவளிடம் நான் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. "மறுபடி சொல்லு," என்றேன். அவள் பயந்துபோய் என்னைப் பார்த்தாள். "கருகுதுக்கா. உனக்குத் தெரியலியா?" என்றாள். அந்த இடத்திலேயே எனக்குக் கண் கலங்கியது.

அவரைப் பானட்டைத் திறக்கச் சொன்னேன். திறந்ததும் என்ஜினின் பின்பக்கத்திலிருந்து நீலமாக ஒரு மெல்லிய புகை எழும்பியது. ஃபோன் டார்ச்சை அடித்துக் குனிந்தேன். என்ஜின் தலையில் இருக்கும் மூடியின் ஓரம் முழுக்க ஈரமாக, கறுப்பாக இருந்தது. அங்கிருந்து ஆயில் வழிந்து கீழே சைலன்சர் குழாய் ஆரம்பிக்கும் இடத்தில் விழுந்து பொரிந்துகொண்டிருந்தது. புகையைப் பார்த்துக்கொண்டே அவர், "தூசி எரியுதுன்னு நெனைக்கிறேன்," என்றார். ஆயில் நாற்றம் எனக்குக் குமட்டியது உண்மை. அந்த நேரத்தில் அதைவிட அவர் முகம்தான் எனக்குக் குமட்டியது.

மறுநாள் நான் லீவு போட்டேன். ஊரை ஒரு சுற்றுச் சுற்றி, என்ஜின் கொதிக்கக் கொதிக்க ஷெட்டுக்குப் போகச் சொன்னேன். இந்த முறை மெக்கானிக் பானட்டைத் தூக்கியதும் டார்ச்சைக் கேட்டார். அன்றைக்கு வண்டி ஆறியிருந்தது, அதனால்தான் தெரியவில்லை என்றார். என்ஜின் ஆறியதும் டேப்பட் கவர் என்ற அந்த மூடியைக் கழற்றினார். அதன் அடியில் இருக்க வேண்டிய ரப்பர் பேக்கிங் பிஸ்கெட் மாதிரி இறுகி, தொட்டதும் ஒடிந்தது. முன்பு யாரோ அதை மாற்றாமல் மேலே கறுப்புப் பசையை அப்பியிருந்தார்கள். அதற்கு மேல் இன்னொருவர் அப்பியிருந்தார். மூடிக்குள்ளே, அடிபிடித்த வெல்லப்பாகு போலக் கெட்டியான கசடு. அவர் அதை ஒரு கரண்டியால் சுரண்டித் தகர டப்பாவில் போட்டார். எத்தனை பேர் கை வைத்து, எத்தனை பேர் பார்த்தும் பார்க்காமல் மூடிவைத்த அழுக்கு அது. நான் தெருவுக்குப் போய் வாந்தியெடுத்துவிட்டு வந்தேன்.

"கவனிக்காம வுட்டிருந்தா தீ புடிச்சிருக்கும் சார்," என்று மெக்கானிக் அவரிடம் சொன்னார். என்னைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. புதுப் பேக்கிங் போட்டு மூடிவிட்டு, குழாய் மேல் படிந்த ஆயில் எரிந்து தீரும்வரை நாற்றம் கொஞ்ச நாள் இருக்கும் என்று மட்டும் பொதுவாகச் சொன்னார். அதன்படியே இருந்தது, பிறகு நின்றது. சிக்னலில் நின்றாலும் வரவில்லை. சாப்பாட்டு நாற்றம் மட்டும் குறையவே இல்லை.

கொஞ்ச நாள் கழித்து அவருடைய அக்கா மகனுக்குச் சர்ச்சில் முதல் நன்மை கொடுத்த விருந்து. பந்தியில் பிரியாணி. எனக்குத் தனியாகத் தயிர்ச்சோறு போட்டிருந்தார்கள். எதிர் வரிசையில் யாரோ பழைய கார் வாங்குவதைப் பற்றிப் பேச்செடுத்தார்கள். என் கணவர் எலும்பைக் கடித்துக்கொண்டே அவர்களுக்குப் பாடம் எடுத்தார். ஓடும்போது நாற்றம் வராது, சூடாகி நின்றால்தான் வரும், அதை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும், மெக்கானிக்கே கோட்டை விட்டுவிட்டான் என்றார். எல்லாரும் தலையாட்டிக் கேட்டார்கள்.

"கண்டுபுடிச்சது நான்," என்றேன்.

நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவர் சிரித்தார். "ஆமாமா, அவளும் சொன்னா," என்றார்.

'அவளும்' என்பதில் இருந்த அந்த 'உம்' எனக்குப் போதும். இலையை மடித்துவிட்டு எழுந்து கை கழுவப் போனேன். வீட்டுக்குத் திரும்பும்போது அவர் முன்கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்தார். நான் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்து கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டேன். ஏன் பின்னால் என்று கேட்டார். "என் மூக்கு," என்றேன்.