அடிக்காத கட்டை

போன வாரம் நரம்பு டாக்டர் என் கெண்டைக்காலில் ஊசியைச் செருகி, அதன் வயரை ஒரு பெட்டியில் மாட்டினார். "காலை அசைக்காதீங்க. அசைக்கத் தயாரா மட்டும் இருங்க" என்றார். சொன்னதைச் செய்து பழகிய குடும்பஸ்தன் நான், அப்படியே கிடந்தேன். கால் அசையவில்லை. பெட்டி மட்டும், காய்ந்த சருகின் மேல் எதுவோ ஊர்வதுபோல் சரசரத்தது.

"மூளையோட உத்தரவு முன்னாடியே போய்த் தசையில காத்துக்கிட்டிருக்கும். சின்ன உசுப்பல் போதும், புறப்பட்டுடும்" என்றார் டாக்டர்.

ஸ்பிரிட் வாடைக்கு அடியில் எனக்குச் சுண்ணாம்பு வாடை அடித்தது.

சுண்ணாம்பு என்றால் ஓட்டப்பந்தயக் கோடுகள். எழுபதுகளில் கடத்தூர்ப் பக்கம் சரித்திர வாத்தியாராக இருந்தேன். விளையாட்டுக்கு எவ்வகையிலும் உதவாத உடம்பு என்பதால், பந்தயத்தைத் தொடங்கிவைக்கும் வேலையைக் கொடுத்தார்கள். கீல் வைத்த இரண்டு பலகைகள். 'செட்' என்று கத்திவிட்டுப் படாரென்று அறைய வேண்டும். அதிலும் ஒருமுறை கட்டைவிரலை நசுக்கிக்கொண்டேன்.

லூர்துமேரி கடலைக்காட்டுக்குக் கூலிக்குப் போகிறவள், பத்தொன்பது வயது. வெளியூர் மில் ஒன்று தன் ஓட்டக்காரிகள் அணிக்கு ஆள் எடுக்க எங்கள் பள்ளி மைதானத்துக்கு வந்திருந்தது. ஜெயிக்கிறவளுக்கு மாதச் சம்பளம், தங்க இடம். இவள் எப்போதும் சத்தத்தோடு சத்தமாகக் கிளம்புவாள். "சார் கையப் பாத்துட்டு ஓடறாங்க" என்று மற்றவர்கள் முறையிட்டதால், என்னை எல்லோருக்கும் பின்னால் நிறுத்தினார்கள். அப்போதும் முந்திவிட்டாள். இன்னொரு தரம் முந்தினால் வெளியே என்று எச்சரிக்கை.

உச்சிவெயில். 'செட்' என்றேன். என் முன்னால் ஆறு பெண்களின் பின்னங்கால்கள். லூர்துமேரியின் கெண்டைச் சதை, தோலுக்கு அடியில் ஏதோ விழித்துப் புரள்வதுபோல் திரண்டது. என் கைகள் அறையக் கிளம்பின. அந்தக் கணம் ஓரத்தில் நின்றவளுக்குக் கால் சறுக்க, என் கைகளைப் பாதியில் நிறுத்தினேன். பலகைகளுக்கு நடுவே ஒரு விரல்கடை இடைவெளி இருந்தது. சத்தம் வரவில்லை.

லூர்துமேரி ஓடினாள். தனியாக, முழுத் தூரமும், திரும்பிப் பார்க்காமல். மற்ற ஐந்து பேரும் நின்ற இடத்தில் நிற்க, மைதானம் முழுக்க அவள் வெறுங்கால் சத்தம் மட்டும் கேட்டது.

உடற்பயிற்சி ஆசிரியர் வந்தார். "சத்தம் வந்துச்சுங்களா சார்?"

"வரலைங்க."

உண்மைதான். கை கிளம்பியதா என்று அவர் கேட்கவில்லை; நானும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவளுக்கு இன்னொரு தொடக்கம் கிடைத்திருக்கும். இரண்டு பலகையை அடிக்கத் தெரியாத வாத்தியார் என்ற பேர் எனக்குக் கிடைத்திருக்கும்.

மூச்சிரைக்க வந்தாள். "சார், அடிச்சீங்கல்லங்க?"

"இல்லம்மா."

"அடிச்சீங்க சார். எம் முதுகுல கேட்டுச்சுங்க."

"பேய் அடிச்சிருக்கும்டி, வூட்டுக்குப் போய் மந்திரிச்சுக்க" என்றாள் கால் சறுக்கியவள். எல்லோரும் சிரித்தார்கள். லூர்துமேரி என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தாள். பலகைகள் இன்னும் அந்த விரல்கடை விலகியே இருந்தன.

அவள் இல்லாமல் பந்தயம் மறுபடி தொடங்கியது. ஓங்கி அறைந்தேன். அந்தச் சத்தம் ஏற்கெனவே ஒருமுறை கேட்டதுபோல் இருந்தது.

அந்த மைதானத்தில் இப்போது பஸ்கள் நிற்கின்றன. பலகைகளும் ஒழிந்தன. பெரிய பந்தயங்களில் சத்தம் ஒலிபெருக்கியில் வருகிறதாம். முதுகுக்குப் பின்னால் கையை ஓங்கிக்கொண்டு யாரும் நிற்பதில்லை. அன்றைக்கும் அப்படி இருந்திருந்தால் லூர்துமேரிக்குப் போதுமாக இருந்திருக்கும்.